ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகத் தெரியாத வயது

பழுகாமத்தில் பிறக்கிற ஒரு குழந்தை ஆஸ்பத்திரியைத் தேடிப் போகத் தேவையில்லை, ஆஸ்பத்திரிதான் அதைத் தேடி வரும். தாய் கர்ப்பமாக இருக்கிறா எண்டு தெரிஞ்ச கையோட ஊருக்குப் பொறுப்பான மிட்வைப் மிஸ் வந்து பெயரைப் பதிந்துகொண்டு போவா. பிள்ளை பிறந்து பத்து நாள் முடிவதற்குள் மறுபடியும் வாசலில் நிற்பா. தொப்புள்கொடி காய்ந்துவிட்டதா, தாய்ப்பால் போதுமா, தாய்க்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா எண்டு பார்ப்பா. பிறகு கிளினிக், நிறை, ஊசி, விற்றமின், திரிபோஷா. கிளினிக் நாளைத் தவறவிட்டால் "ஏன் வரல்ல?" எண்டு கேட்டு வீட்டுக்கே ஆள் வரும். அந்தப் பிள்ளை வளர்ந்து, கலியாணம் முடித்து, தானும் ஒரு குடும்பமானதும் மிட்வைப்பின் பதிவேட்டில் அதன் பெயர் திரும்பவும் ஏறும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பன்னிரண்டு, பதின்மூன்று வருசம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளைக்கும் சுகாதாரத் துறைக்கும் இருக்கிற தொடர்பு, பாடசாலைக்கு வருகிற மருத்துவப் பரிசோதனையும் ஒன்றிரண்டு ஊசியும்தான். மற்றதெல்லாம் அம்மாவின் கையில்.

ஓ.எல். எடுக்கப் போகிற ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்க. இதயத்தின் நான்கு அறைகளையும் கீறிப் பெயர் குறித்துத் தருவார். சிறுநீரகத்தின் நெடுக்குவெட்டுமுகம், சமிபாட்டுத் தொகுதி, எல்லாம் மனப்பாடம். "மூன்று நாளாகக் காய்ச்சல் விடல்ல, வீட்டில் ஒருவரும் இல்ல, நீ என்ன செய்வாய்?" எண்டு கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அம்மா வரட்டும்." அம்மா மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருந்தால் "அம்மம்மாட்டச் சொல்லுவன்." அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அங்கே கதை நின்றுவிடும்.

இதைப் பிள்ளைகளின் சோம்பல் எண்டு பெரியவர்கள் சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நாட்டின் பொதுச் சுகாதாரம் எப்படி உருவானது என்பதைப் பார்த்தால், இந்த இடைவெளி அதன் அத்திவாரத்திலேயே இருப்பது தெரியும்.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். இரத்தச்சோகையால் வெளிறிப்போன உடம்போடு கொழுந்து பறித்தவர்கள். புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள், புழு போனது. ஆனால் மலசலகூடமும் இல்லை, காலில் செருப்பும் இல்லை. கொஞ்சக் காலத்தில் புழு திரும்பி வந்தது. மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை, சனங்களோடு இருந்து பழக்கங்களை மாற்ற நிரந்தரமான ஓர் அமைப்பு வேண்டும் என்ற பாடம் அங்கேதான் படிக்கப்பட்டது. அதன் விளைவுதான் 1926இல் களுத்துறையில் ஆரம்பித்த முதலாவது சுகாதாரப் பிரிவு. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், தாதி, மருத்துவிச்சிகள், அவர்களுக்கு எல்லை வகுத்துக் கொடுத்த ஊர்கள். இன்று வெல்லாவெளியில் இருக்கிற சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அந்தக் களுத்துறை மாதிரியின் பேரப்பிள்ளை. பழுகாமத்து மிட்வைப் மிஸ்ஸின் கொப்பியும் அப்படித்தான்.

அந்த மாதிரி யாருக்காகச் செய்யப்பட்டது? சாகிறவர்களுக்காக. அந்தக் காலத்தில் அதிகமாகச் செத்தவர்கள் கைக்குழந்தைகளும் பிரசவத்தில் தாய்மாரும். மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இந்த நிலையில் ஒரு மருத்துவிச்சியை நியமிக்கக் காசு இருந்தால் அவவைக் கர்ப்பிணியின் வீட்டுக்கு அனுப்புவார்களா, பதினைந்து வயதுப் பொடியனுக்கு ஆஸ்பத்திரி நடைமுறை சொல்லிக்கொடுக்க அனுப்புவார்களா? கேள்வியே இல்லை. அந்தத் தெரிவு சரியான தெரிவு. 1930களில் ஆயிரம் பிரசவத்துக்கு இருபது தாய்மாருக்கு மேல் இறந்த நாட்டில், இன்று இலட்சம் பிரசவத்துக்கு முப்பது பேர் அளவில்தான் இறக்கிறார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இதைச் செய்த நாடுகள் உலகத்தில் மிகக் குறைவு.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். 1931இலிருந்து இருபத்தொரு வயதான எல்லாருக்கும், பெண்களுக்கும் சேர்த்து, வாக்குரிமை. ஆஸ்பத்திரி கட்டித்தருவேன், மருத்துவிச்சி போட்டுத்தருவேன் எண்டு சொல்லித்தான் அரசியல்வாதிகள் வாக்குக் கேட்டார்கள். தாய்க்கு வாக்கு இருந்தது. குழந்தைக்குத் தாய் இருந்தா. பதினாறு வயதுக்காரனுக்கு வாக்கும் இல்லை, அவனுக்காகக் கேட்க ஆளும் இல்லை. இது என் ஊகம்தான், ஆனால் அவ்வளவு பிழையான ஊகம் இல்லை எண்டு நினைக்கிறேன்.

அந்த வயதுப் பிள்ளைகளை அரசாங்கம் கண்டதே இல்லை எண்டும் சொல்ல முடியாது. கண்டது, எண்ணிப் பார்ப்பதற்காக. ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது எண்டு அறிய அந்தக் காலத்தில் பாடசாலைகளுக்குப் போய், பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா எண்டு பார்த்துக் கணக்கெடுப்பார்கள். உலகம் முழுக்க இருந்த வழக்கம் அது. நூற்றுக்கு இத்தனை மண்ணீரல் எண்டு அறிக்கை போகும். தன் வயிற்றில் டொக்டர் எதைத் தேடினார் எண்டு பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது பாடசாலையில் உயரமும் நிறையும் எடுத்து உடல் திணிவுச் சுட்டி கணிக்கிற நாளில், எத்தனை பிள்ளைகளுக்குத் தங்கட எண் என்ன, அது எதைச் சொல்லுது எண்டு தெரியும்?

*

ஆனால் இதே தீவில், இதே மொழியில், வேறொரு தொடக்கமும் இருந்தது. அது களுத்துறைக்கு ஏறத்தாழ எண்பது வருசம் முந்தியது.

1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிசன் டொக்டர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். வயது இருபத்தைந்து. மானிப்பாயில் இருந்துகொண்டு வைத்தியம் பார்த்தார், பொடியன்களுக்கு மருத்துவமும் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். பிறகு ஒரு விசயம் அவருக்கு விளங்கியது: ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் நிற்பதில்லை. 1864இலிருந்து முழுக்கத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்குப் புத்தகம் வேண்டுமே. மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம், வைத்தியாகரம் எண்டு பெயர்களைப் பார்த்தாலே அந்தக் காலத்து அச்சுமை மணக்கும்.

கிறீனைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் தமிழில் மருத்துவக் கல்வி என்ற பெருமையோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்த விசயம் வேறு. அவர் 1850களில் முதலில் எடுத்து மொழிபெயர்த்த நூல்களில் ஒன்று கல்வின் கட்டர் என்பவர் எழுதியது. தமிழில் அதன் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. மூச்சுப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும். அங்காதிபாதம் எண்டால் உடலமைப்பு, சுகரணம் எண்டால் உடல் இயங்கும் விதம், உற்பாலனம் எண்டால் உடம்பைப் பேணுதல். ஆங்கில மூலம் டொக்டர்மாருக்காக எழுதப்பட்ட நூல் இல்லை. அமெரிக்காவில் கல்லூரிகளிலும் உயர் பள்ளிகளிலும் படிக்கிற பிள்ளைகளுக்காகவும் வீடுகளில் வைத்து வாசிப்பதற்காகவும் எழுதப்பட்ட பாடநூல். அதாவது, தமிழில் வந்த நவீன மருத்துவ நூல்களில் முதல் வரிசையில் நிற்கிற ஒன்று, பதின்ம வயதுக்காரரையும் வாசகராக நினைத்து எழுதப்பட்டது. உன் உடம்பு உன்னுடையது, அதை வாசித்து விளங்கிக்கொள்ள உனக்கு டொக்டர் பட்டம் தேவையில்லை என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது.

அந்தப் பாதை தொடரவில்லை. கிறீன் 1873இல் திரும்பிப் போனார். கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் மொழி ஆங்கிலம். அரசாங்க வைத்தியத்தின் மொழியும் ஆங்கிலமாகவே நிலைத்தது. நோயாளி தமிழில் சொல்லுவார், டொக்டர் ஆங்கிலத்தில் எழுதுவார். இன்றைக்கும் உங்கட கிளினிக் கொப்பியைத் திறந்தால் அதுதான் நிலைமை. 1956க்குப் பிறகு சிங்களம் மட்டும் எண்டு வந்த சட்டம் இதில் இன்னொரு சுவரைக் கட்டியது. 1987இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. காகிதத்தில் இருக்கிற உரிமை படிவத்தில் வந்து சேர இன்னும் காலம் எடுக்கிறது.

இந்த இடத்தில் இன்னொரு பெயரையும் சொல்லாமல் போக முடியாது. மேரி இரட்ணம். கனடாவில் பிறந்த டொக்டர், யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரைக் கலியாணம் முடித்து இலங்கையிலேயே வாழ்ந்து இங்கேயே 1962இல் இறந்தவர். பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தார், லங்கா மகிள சமித்தியைத் தொடங்கினார், 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார், 1958இல் மக்சசே விருது பெற்றார். இவ்வளவுக்கும் நடுவில் பாடசாலைகளுக்கெண்டு சுகாதாரப் புத்தகங்களும் எழுதினார். பெண்பிள்ளைகளுக்கு அவர்களின் உடம்பைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் எண்டு அந்தக் காலத்திலேயே சொன்னவர். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பேசியதால் கடுமையான எதிர்ப்பையும் சந்தித்தவர். நூறு வருசம் ஆகப் போகிறது. பெரியபிள்ளையானதும் பந்தல் போட்டு, சோடனை வைத்து, ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். அந்தப் பிள்ளையிடம் மாதவிடாய் வலி எவ்வளவு வந்தால் சாதாரணம், எவ்வளவு வந்தால் டொக்டரிடம் போக வேணும் எண்டு ஒருவரும் சொல்லுவதில்லை.

*

1951ஐ ஒரு நிமிசம் நிறுத்திப் பார்க்கலாம். இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் எடுபட்டது அந்த ஆண்டில். பிறகு 1970களின் தொடக்கத்தில் வெளிநோயாளர் பிரிவில் ஆளுக்கு 25 சதம் எண்டு ஒரு சின்னக் கட்டணம் வந்தது. 25 சதத்துக்கே சனக்கூட்டம் குறைந்தது. 1977இல் அதுவும் போனது. அதன் பிறகு இன்றுவரை ஓ.பி.டி. துண்டுக்குக் காசு இல்லை.

அதே 1951இல் அமெரிக்காவின் பொஸ்டன் சிறுவர் ஆஸ்பத்திரியில் ரொஸ்வெல் கலகர் என்ற டொக்டர் பதின்ம வயதினருக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். உலகில் முதலாவது எண்டு சொல்லுவார்கள். அங்கே இருந்த புதுமை இயந்திரத்தில் இல்லை. தாயையோ தகப்பனையோ பார்க்காமல், வந்த பிள்ளையைப் பார்த்து டொக்டர் பேசினார். நோயாளி நீதான், உன்ர கதையை நீ சொல்லு.

இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்களிடம் இருப்பதும் இல்லாததும் தெரியும். எங்களிடம் கதவு திறந்திருக்கிறது, காசும் இல்லை. அமெரிக்காவில் இன்றைக்கும் அது இல்லை. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே காப்புறுதி அட்டையை எப்படி வைத்திருப்பது என்பதுதான். எங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. எங்களிடம் இல்லாதது, கதவுக்குள் போன பிறகு பிள்ளையைப் பார்த்து "என்ன மகன் செய்யுது?" எண்டு கேட்கிற பழக்கம். கேள்வி அம்மாவிடம்தான் போகும். பதினேழு வயதில் மீசை முளைத்தவனைப் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டு அம்மா சொல்லுவா: "இவருக்கு வயித்தால போகுது டொக்டர்." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

*

படுவான்கரைக்கு இது இன்னொரு மடங்கு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருப்பது எழுவான்கரை, சூரியன் எழுகிற கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை, சூரியன் படுகிற கரை. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய சந்தை, பெரும் வீதி எல்லாம் எழுவான்கரையில். பழுகாமத்தில் ஒருவருக்குக் கடுமையாக வந்தால் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போக வேணும். அங்கே முடியாது எண்டால் இன்னும் முப்பது கிலோமீற்றர் அளவில் வடக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. மண்டூர்ப் பக்கத்துச் சனங்களுக்குக் குருமண்வெளித் துறையில் பாதை. பாதை எண்டு நாங்கள் சொல்லுவது ரோட்டை அல்ல, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை. இன்னும் உள்ளே 35ஆம் கொலனி, 40ஆம் கொலனிப் பக்கம் எண்டால் பஸ் நேரத்தையும் யானையையும் பார்த்துத்தான் வருத்தமே வர வேணும்.

யுத்த காலத்தில் இந்தத் தண்ணீர்க் கோடு ஆட்சிக் கோடாகவும் இருந்தது. நீண்ட காலம் படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை இராணுவக் கட்டுப்பாட்டிலும். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போக வேணும். அந்தச் சாவடியில் ஆகச் சந்தேகமாகப் பார்க்கப்பட்டவர்கள் யார்? பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரைக்குமான வயது. இந்தப் பக்கம் அதே வயதுப் பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிற பயம். பிடிக்காமல் இருக்க எண்டே பதினாறு, பதினேழு வயதில் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் முடித்து வைத்த வீடுகள் கிழக்கில் எத்தனையோ. ஆக ஒரு தலைமுறைக்கு, பதின்ம வயதில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவது என்பது அறியாமை சம்பந்தப்பட்ட விசயமே இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விசயம். தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாங்கள் போய் வருத்தத்தைச் சொல்லி மருந்து வாங்கி வந்தார்கள். அல்லது ஊரிலேயே பரிகாரியிடம் காட்டினார்கள்.

2007இன் முதல் மாதங்களில் படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் எழுவான்கரைப் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் கிடந்தது. பிள்ளைகளின் ஊசிக் கார்ட், கிளினிக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எத்தனை வீட்டில் வெள்ளத்திலும் சேற்றிலும் போயிருக்கும். அந்த முகாம்களில் அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பதின்ம வயதுக்காரர்கள்தான் இப்போது முப்பதைத் தாண்டிய அப்பா அம்மாக்கள். அவர்களின் பிள்ளைகள் இப்ப பதின்ம வயதை எட்டிப் பிடிக்கிறார்கள். "தனியாப் போகாத" எண்டு அவர்கள் சொல்லுகிறபோது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சோதனைச் சாவடி நிற்கிறது. பயம் போன பிறகும் பழக்கம் நிற்கும்.

*

சரி, இப்போது என்ன தெரிய வேணும்? பாடத்திட்டத்தில் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' எண்டு ஒரு பாடம் இருக்கிறது. கரப்பந்தாட்டத் திடலின் நீள அகலம் அதில் இருக்கிறது. ஓ.பி.டி.யில் துண்டு எடுப்பது எப்படி எண்டு இல்லை. எழுதியவர்களுக்கு அது சின்ன விசயமாகத் தோன்றியிருக்கும்.

முதலில் கொப்பி. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கையில் கொண்டு போவது இந்த நாட்டில் பழகிப்போன வழக்கம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது பெரிய விசயம்: உங்கட மருத்துவ வரலாறு உங்கட கையில் இருக்கிறது. பிரச்சினை, அந்தக் கொப்பியைக் கொண்டு திரிகிறவருக்கு அதில் என்ன எழுதியிருக்கு எண்டு தெரியாதது. பி.டி. எண்டு எழுதியிருந்தால் நாளுக்கு இரண்டு தடவை, டி.டி.எஸ். எண்டால் மூன்று தடவை. எந்த மருந்துக்கு ஒவ்வாமை எண்டு முன் மட்டையிலேயே சிவப்பு மையால் எழுதி வைக்கலாம். வாட்டில் இருந்து துண்டு வெட்டும்போது தருகிற டயக்னோசிஸ் கார்ட்டைத் தொலைக்கக் கூடாது. அதைப் போனில் படம் எடுத்து வைக்க ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது, எங்கே போவது. எங்கட முறையில் யாரும் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி.க்கும் நேரே போகலாம். கடிதம் தேவையில்லை. இது நல்லது, ஆனால் இதனால்தான் சளிக்கும் தடிமனுக்கும் பாலம் கடந்து பெரிய ஆஸ்பத்திரியில் அரை நாள் நிற்கிறோம். விசேட வைத்திய நிபுணரின் கிளினிக்குக்கு மட்டும் பெரும்பாலும் ஓ.பி.டி. டொக்டரோ வேறு டொக்டரோ எழுதி அனுப்ப வேணும். இது தெரியாமல் பின்னேரம் காசு கொடுத்து சனல் பண்ணுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். விபத்து, மூச்சுத் திணறல், பாம்புக்கடி எண்டால் ஓ.பி.டி. வரிசையே இல்லை, நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. பாம்பு கடித்தால் முதலில் விசகடி வைத்தியரிடம் போகிற பழக்கம் வயல் ஊர்களில் இன்னும் இருக்கிறது. மந்திரத்துக்கு மரியாதை கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், விசமுறிவு ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடிக்கலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி பிறகு நாடு முழுக்க வந்த சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். மனம் தாங்காத நேரத்தில் 1926. களுத்துறை ஆண்டை ஞாபகம் வைத்தால் இந்த இலக்கமும் மறக்காது.

காய்ச்சல். டெங்கு இருக்கிற மாவட்டத்தில் மூன்றாவது நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேணும். அதுவரை பரசிற்றமோல் மட்டும். உடம்பு நோவுக்கு எண்டு பாமசியில் வேறு குளிசை வாங்கிப் போடுவது இரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். வயல் வேலைக்குப் போகிற பொடியன்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்கப் பாவிக்கிற மருந்து பற்றி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், அல்லது ஊர் பி.எச்.ஐ.யிடம் கேட்கலாம். பி.எச்.ஐ. எண்டால் கடைக்கு வழக்குப் போடுகிறவர் எண்டு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

இதைவிடக் கஷ்டமானது பேசுவது. கனடாவில் ரொறன்ரோவின் பெரிய சிறுவர் ஆஸ்பத்திரியில், எங்கட சனத்தின் பிள்ளைகளும் நிறையப் போகிற இடம் அது, நீண்டகால வருத்தம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறார்கள். பெரியவர்களின் ஆஸ்பத்திரிக்கு மாறுவதற்கு முன் தன்னைப் பற்றி மூன்று வசனத்தில் சொல்லப் பழக வேணும். நான் யார், என்ன வருத்தம். இதுவரை என்ன நடந்தது, என்ன மருந்து. இன்றைக்கு எனக்கு என்ன தெரிய வேணும். அவ்வளவுதான். இதைப் பழுகாமத்துக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்: "எனக்குப் பதினாறு வயசு, எட்டு வயசிலிருந்து முட்டு இருக்கு. நீலப் பம்ப் பாவிக்கிறன், போன மாசம் ரெண்டு முறை இரவில் கூடி அவசரப் பிரிவுக்குப் போனன். தடுக்கிறதுக்கு வேற பம்ப் தினம் பாவிக்க வேணுமா எண்டு கேக்க வந்தன்." இதைச் சொல்ல அரை நிமிசமும் ஆகாது. ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கிற டொக்டருக்கு அந்த அரை நிமிசம் பெரிய உதவி. முதலில் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பழகலாம், சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆஸ்துமா, வலிப்பு, தலசீமியா, முதலாம் வகை நீரிழிவு எண்டு சின்ன வயதிலேயே கிளினிக்குக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். சிறுவர் வாட் பன்னிரண்டு வயதோடு முடியும் என்பது இங்கே நெடுங்கால வழக்கம். அதற்குப் பிறகு ஒரு நாள் பிள்ளை திடீரெண்டு பெரியவர்களின் வாட்டில், பாரிசவாதம் வந்த தாத்தாவுக்கும் குடித்துவிட்டு விழுந்த மாமாவுக்கும் நடுவில் படுத்திருக்கும். கிளினிக்கை விட்டு நிற்கிற வயது அதுதான். சிறுவர் கிளினிக் டொக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இங்கே இலக்கம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

இரகசியம் எண்டு ஒன்று இருக்கிறதே. ஓ.பி.டி. மேசையைச் சுற்றி ஆறு பேர் கொப்பியோடு நிற்பார்கள். அதில் ஒருவர் கட்டாயம் உங்கட மாமிக்குத் தெரிஞ்சவராக இருப்பார். ஊர் மிட்வைப் மிஸ் நல்லவர்தான், ஆனால் அம்மாவோடு ஒன்றாகக் கோயிலுக்குப் போகிறவர். பதினெட்டு வயதுக்குக் கீழே சத்திரசிகிச்சைக்கோ வேறு பெரிய சிகிச்சைக்கோ பெற்றார் கையொப்பம் வேணும். (பராய வயதே 1989 வரை இருபத்தொன்று, பிறகுதான் பதினெட்டானது.) ஆனால் ஒரு சந்தேகம் கேட்க, ஒரு ஆலோசனை பெற, கையொப்பம் தேவையில்லை. இளைஞர்களுக்கெண்டே சுகாதார அமைச்சு 'யொவுன் பியச' எண்டு நிலையங்களை ஆஸ்பத்திரிகளிலும் பணிமனைகளிலும் நடத்துகிறது. நல்ல முயற்சி. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு, அது தனக்கான இடம் எண்டு விளங்கிக்கொள்ளுகிற படுவான்கரைப் பிள்ளை எத்தனை? கிறீன் இருந்திருந்தால் முதலில் அந்தப் பலகைக்குத் தமிழில் ஒரு பெயர் யோசித்திருப்பார். எங்களுக்கு நாக்குப் புரளாத ஒரு பெயராகத்தான் அது இருந்திருக்கும், பரவாயில்லை.

"டொக்டர், அம்மாவைக் கொஞ்சம் வெளியில நிக்கச் சொல்லலாமா?" எண்டு கேட்க ஒரு பிள்ளைக்கு உரிமை இருக்கிறது எண்டு யாராவது சொல்ல வேணும். அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்ல வேணும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய், "அப்பிடி என்ன எனக்குத் தெரியாம?" எண்டு கேள்வி வரும்.

2017இல் இலங்கை முழுக்க ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசி போடத் தொடங்கினார்கள். இரண்டு தடவை. வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிய அந்த முதல் தொகுதிப் பிள்ளைகள் இப்போது வாக்களிக்கிற வயதைத் தாண்டிவிட்டார்கள். அது என்ன ஊசி எண்டு அன்றைக்கு விளங்கப்படுத்தியவர்கள் இருந்திருக்கலாம், அரைவாசிப் பேருக்கு அழுகைச் சத்தத்தில் கேட்டிருக்காது. இதை வாசிக்கிற உங்களில் சிலர் அந்தத் தொகுதி. இரண்டாவது ஊசியும் போட்டதா எண்டு உங்கட கார்ட்டில் பதிந்திருக்கும். பெரும்பாலும் அது அம்மாவின் அலுமாரியில், பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் கீழே, பொலித்தீன் பைக்குள் இருக்கும். ஒருக்கா எடுத்துப் பாருங்க.